சுவருக்குள் இரண்டு யானைகள்

வீடு கட்டிக் கொடுக்கும் தொழிலில் இருப்பவனுக்கு இரண்டே கவலைதான்: அஸ்திவாரம் தோண்டும்போது கீழே என்ன கிடைக்குமோ என்பது ஒன்று, மழை பெய்யும்போது மேலே எங்கே ஒழுகுமோ என்பது மற்றொன்று. வீடு கட்டிப் பார்த்தவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. நீங்கள் மேஸ்திரியைத் திட்டியிருப்பீர்கள், மேஸ்திரி உங்களைத் திட்டியிருப்பான். பட்ட கஷ்டம் ஒன்றுதான் என்பதால் நாம் ஒரே கட்சி.

நான் வேலூர்க்காரன். ஐரோப்பாவில் சண்டை முடிந்த கையோடு ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கம் தோல் வியாபாரம் சூடு பிடித்தது. கையில் நாலு காசு சேர்ந்தவர்கள் எல்லாம் மண் சுவரை இடித்துவிட்டு மச்சு வீடு கட்ட ஆரம்பித்தார்கள். எனக்கு வந்த வேலைகளில் பாதி நல்லேரிப்பட்டில் இருந்தது. ஆம்பூரில் மாட்டு வண்டி ஏறினால் ஒரு குட்டித் தூக்கம் போட்டு எழுந்திருக்கிற தூரம். பெயருக்கு ஏற்ற பெரிய ஏரி, அதை நம்பிய வயல்கள், மிகப் பழைய ஊர். எவ்வளவு பழையது என்று ஊரில் யாருக்கும் தெரியாது. என் ஆட்களின் கடப்பாறைக்குத் தெரியும். எந்தச் சுவரை இடித்தாலும் பூவும் கொடியும் செதுக்கின கல் ஒன்று உள்ளேயிருந்து வரும். வந்தால் அன்றைக்கு வேலை அவ்வளவுதான்.

அந்த ஊரில் நான் பட்ட பாட்டையும், கடைசியில் நான் ஜெயித்ததையும் சொல்லப் போகிறேன். ஜெயித்தவன் சொல்லும் கதையில் கொஞ்சம் பெருமை தூக்கலாகத்தான் இருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதல் கை

காதர் பாய் ஆட்டுத்தோல் வாங்கிப் பதம் போட்டு மதராசுக்கு அனுப்புகிறவர். நல்லேரிப்பட்டில் ஒரு பழைய வீட்டை வாங்கி, அதை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டித் தரச் சொன்னார். தெருப் பக்கத்துச் சுவரில் ஆள் நீளத்துக்கு ஒரு கருங்கல் படுத்திருந்தது. வெளியிலிருந்து பார்த்தால் மொழுக்கென்று சாதாரணக் கல். நெம்பித் திருப்பியதும் என் ஆட்கள் அத்தனை பேரும் கூடையைப் போட்டுவிட்டுத் தெருவுக்குப் போய்விட்டார்கள். கல்லின் உள்முகத்தில் ஒரு அம்மாள் உட்கார்ந்திருந்தாள். இரண்டு பக்கமும் இரண்டு யானைகள், துதிக்கையில் குடம் ஏந்தி அவள் தலைமேல் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தன.

அந்தப் பக்கத்தில் இதற்கென்று ஒரு முறை உண்டு. சாமிக் கல் வெளியே வந்தால் அந்தச் சாமியைக் கும்பிடுகிறவன் முதலில் தொடக் கூடாது. வீட்டுக்காரனும் தொடக் கூடாது. சம்பந்தமில்லாத ஒரு கை முதலில் பட்டுவிட்டால் பிறகு யார் வேண்டுமானாலும் தூக்கலாம். நானோ கிறிஸ்தவன், வீட்டுக்காரனும் இல்லை. என் ஆட்களுக்குத் தலைவனான சின்னசாமி என்னைத் திரும்பிப் பார்த்தான். "நீங்க தொடுங்க மேஸ்திரி, உங்களை அது கோச்சிக்காது" என்றான். எனக்கும் உள்ளூரப் பயம்தான். ஆனால் மேஸ்திரி பயந்தான் என்று ஆகிவிட்டால் மறுநாள் எவன் மதிப்பான்? மனசுக்குள் ஒரு ஜெபத்தைச் சொல்லிக்கொண்டு, அடுப்பில் இருக்கும் சட்டியைத் தொடுகிற மாதிரி ஒரு யானையின் முதுகைத் தொட்டேன். ஒன்றும் ஆகவில்லை. ஆட்கள் 'ஓ'வென்று சத்தம் போட்டுக்கொண்டு உள்ளே வந்தார்கள். குடையைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்த காதர் பாய் தலையில் அடித்துக்கொண்டார்.

"யா அல்லா, என் வூட்டுக் கல்லைத் தொடறதுக்கு வேலூர்லேர்ந்து ஒரு ஆளு வரணுமா!"

முகத்தைத் திருப்பிக்கொண்ட கற்கள்

இந்தச் சங்கதி பரவி, குடியாத்தம் வரைக்கும் எனக்கு 'முதல் கை மேஸ்திரி' என்று பேர் வந்துவிட்டது. யார் வீட்டில் கல் கிளம்பினாலும் என்னைக் கூட்டிப்போய்த் தொடச் சொல்வார்கள். தொட்டுவிட்டு ஒரு மோர் குடித்துவிட்டு வருவேன். இவ்வளவு லேசான வேலையை என் வாழ்நாளில் நான் பார்த்ததில்லை.

ஆனால் ஒரு கேள்வி மட்டும் என்னைக் குடைந்துகொண்டே இருந்தது. ஒவ்வொரு கல்லிலும் செதுக்கின பக்கம் சுவருக்கு உள்ளே, மொட்டைப் பக்கம் வெளியே. இவ்வளவு அழகான வேலையை ஏன் மண்ணில் புதைத்தார்கள்? சின்னசாமியைக் கேட்டேன். அவன் பரம்பரையாகச் சுவர் வைக்கிறவன். சுண்ணாம்பு குழைத்துக்கொண்டே, தன் பாட்டன்மார் செய்த காரியத்தைக் கொஞ்சமும் வெட்கப்படாமல் சொன்னான்.

"கல்லு இன்னான்னு வூட்டுக்காரனுக்குத் தெரிஞ்சா, கல்லு வேணாம்பான். வூடு இன்னான்னு கல்லுக்குத் தெரிஞ்சா, வூடு வேணாங்கும். அதான் ரெண்டு பேருக்கும் நடுவுல மண்ணைப் பூசிட்டாங்க, மேஸ்திரி."

பவுனு கரையில் நின்ற சாயங்காலம்

நல்லேரிப்பட்டு ஏரிக்கு நீர்க்கட்டி குப்பன். ஏரித் தண்ணீரை வயலுக்குத் திறந்துவிடுவதும் மூடுவதும் அவன் வேலை. ஒரு சாயங்காலம் கால் கழுவலாம் என்று ஏரிக்கரைக்குப் போனேன். அவன் மனைவி பவுனு மட்டும் நின்றுகொண்டிருந்தாள். "குப்பன் எங்கே?" என்றேன். தண்ணீரைக் காட்டினாள். ஏரியின் அடியில் ஒரு பலகைக் கல்லும் அதில் ஒரு வட்ட ஓட்டையும் இருக்கின்றன. அதுதான் மதகின் கண். அதன் வழியாகத்தான் தண்ணீர் கரைக்கு அடியில் புகுந்து வயல் வாய்க்காலுக்குப் போகும். வைக்கோலும் களிமண்ணும் சேர்த்துக் கட்டின உருண்டையோடு முழுகி அந்த ஓட்டையில் திணித்தால்தான் தண்ணீர் நிற்கும். திறப்பதற்கும் முழுகித்தான் பிடுங்க வேண்டும். போன வருஷம் அந்த ஓட்டை குப்பன் கையை உறிஞ்சிப் பிடித்துக்கொண்டதாம். தோள் மூட்டு நழுவி, பிழைத்து வந்ததே பெரிய காரியமாம். சொல்லிவிட்டுப் புடவைத் தலைப்பைக் கடித்துக்கொண்டாள்.

தண்ணீர் அசையவே இல்லை. எத்தனையோ பேர் சாரத்தின் உச்சியில் நின்று வேலை செய்வதைக் கீழேயிருந்து பார்த்தவன் நான். அப்போதெல்லாம் வராத பயம் அன்றைக்கு வந்தது. கடைசியில் குப்பன் தலை வெளியே வந்தது. கரையேறிக் குப்புற விழுந்து இருமினான். அவனை இழுத்து மடியில் போட்டுக்கொண்டு, முதுகைத் தேய்த்தபடியே பவுனு கத்தினாள்.

"இதான் கடைசி. வர்ற மழைக்கு நீ முழுவுனா, நான் புள்ளைங்களை இட்டுக்குனு ஆம்பூருக்குத் தோல் கழுவப் போய்டுவேன். நாத்தம் அடிச்சாலும் அங்க மூச்சு வுடலாம்ல!"

மணியக்காரர் மீசை

மறுநாள் நேரே ஊர்ச் சாவடிக்குப் போய் மணியக்காரரைப் பார்த்தேன். ஊர்ப் பெரிய மனிதர். அவருடைய மீசை அவரைவிடப் பெரிய மனிதர். "எல்லா ஏரியிலும் மதகுத் தூண் இருக்கிறதே, உங்கள் ஏரியில் மட்டும் ஏன் இல்லை?" என்று கேட்டேன். அவருடைய தாத்தா காலத்திலேயே இல்லையாம். புதிதாக வேண்டும் என்று சர்க்காருக்கு எழுதி எழுதிக் கை வலித்ததுதான் மிச்சமாம். அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே எனக்கு ஆலங்காயம் போகிற வழியில் பார்த்த ஓர் ஏரி ஞாபகம் வந்தது. அங்கே தண்ணீருக்குள் இரண்டு உயரமான கல் தூண்கள் நிற்கும். அவற்றின் உச்சியில் குறுக்கே ஒரு கல், அதன் நடுவே ஒரு துளை. துளை வழியாக ஒரு நீளமான மரத்தடி இறங்கும், தடியின் நுனியில் அடைப்பு. மேலே நின்று தடியை அழுத்தினால் மூடும், தூக்கினால் திறக்கும். யாரும் முழுக வேண்டாம். அந்தக் குறுக்குக் கல்லில் ஒரு அம்மாள் உட்கார்ந்திருப்பாள், இரண்டு யானைகளோடு.

நான் எழுந்து நின்றுவிட்டேன். காதர் பாயின் கல்லிலும் மேலிருந்து கீழாக ஒரு துளை இருந்தது. தீப்பந்தம் செருக என்று சின்னசாமி சொன்னதை நானும் நம்பியிருந்தேன். அது கோயில் கல்லே அல்ல! ஊருக்குச் சொந்தமான மதகைப் பிரித்து ஊரே சுவரில் வைத்துக் கட்டிக்கொண்டு, பிறகு சாமிக் கல் என்று தலைமுறை தலைமுறையாகப் பயந்துகொண்டிருக்கிறது. சாவடியில் இருந்த அத்தனை பேர் காதிலும் விழும்படி, "உங்கள் மதகு ஊருக்குள்ளேயேதான் இருக்கிறது. தேடி எடுத்து மழைக்கு முன்னால் ஏரியில் நிறுத்திக் காட்டுகிறேன்" என்றேன். சாவடியே சிரித்தது. மணியக்காரர் மட்டும் சிரிக்காமல், மீசையின் ஒரு நுனியை முறுக்கிக்கொண்டே சொன்னார்.

"நிறுத்திட்டன்னா சொல்லியனுப்பு மேஸ்திரி. அன்னிக்கே இதை எடுத்துட்றேன்."

பாயம்மாவின் நிபந்தனை

யானைக் கல்லைக் காதர் பாய் கொல்லையில் சாக்குப் போட்டு மூடி வைத்திருந்தார். எடுத்துக்கொண்டு போனால் போதும் என்று சந்தோஷமாகக் கொடுத்துவிடுவார் என்று நினைத்தேன். பாய் கையைப் பிசைந்தார். கல் சுவரைவிட்டு வெளியே வந்த நாளிலிருந்து வியாபாரம் ஜாஸ்தியாம், சண்டை சச்சரவு கம்மியாம். அதனால் கல் கொல்லையிலேயே இருக்கட்டும் என்பது அவர் மனைவி பாயம்மாவின் கட்சி. பாய் வெளியே எவ்வளவு பெரிய வியாபாரியாக இருந்தாலும் வீட்டுக்குள் அவர் சில்லறைதான்.

பாயம்மா திரைக்குப் பின்னால் இருக்கிறார் என்று தெரிந்துகொண்டு, பாயைப் பார்த்தபடி அவருக்குக் கேட்கும்படி பேசினேன். குப்பனைப் பற்றிச் சொன்னேன், அவன் தோளைப் பற்றிச் சொன்னேன், பவுனு கத்தினதை அவள் குரலிலேயே கத்திக் காட்டினேன். திரைக்குப் பின்னால் சத்தமே இல்லை. வந்த காரியம் கெட்டது என்று நான் செருப்பை மாட்டும்போது உள்ளேயிருந்து குரல் வந்தது.

"கல்லைக் குடுத்துடுங்க, ஜி. ஆனா அந்த ஆனைங்க மூஞ்சி தண்ணி பக்கமா இருக்கணும்னு மேஸ்திரிகிட்ட சொல்லுங்க. இத்தினி வருஷமா சொவத்துக்குள்ள, பாவம், தாகத்தோட இருந்திருக்குங்க."

ரெட்டியார் வீட்டு மாடு

இனி வேண்டியது இரண்டு தூண்கள். ரிப்பேர் பார்க்கிற சாக்கில் வீடு வீடாகப் புகுந்தேன். வைத்தியன் நெஞ்சைத் தட்டிப் பார்ப்பதுபோல் சுவர்களைத் தட்டினேன். பூச்சு விட்ட இடத்தில் கம்பியை விட்டுத் தடவினேன். 'மேஸ்திரிக்குப் பைத்தியம் முத்திப்போச்சு' என்று தெருவில் பேசிக்கொண்டார்கள். முதல் தூணைக் காட்டிக் கொடுத்தது ஒரு சிட்டுக்குருவி. கோவிந்த ரெட்டியார் மாட்டுத் தொழுவத்து வாசலின் மேல் ஒரு நீளக் கல் குறுக்கே கிடந்தது. அதன் பக்கவாட்டில் சதுரமாக வெட்டின ஒரு குழிக்குள் குருவி கூடு கட்டியிருந்தது. குறுக்குக் கல்லைச் செருகுவதற்கென்று வெட்டிய பொருத்து அது. உள்பக்கம் கையை விட்டுத் துழாவினேன். தாமரை இதழ்கள் விரலில் தட்டுப்பட்டன.

வாசல் இடிந்துவிடும் என்று ரெட்டியார் மறுத்தார். அதைவிட அழகான வளைவு கட்டித் தருகிறேன் என்று வாக்குக் கொடுத்து, அப்படியே கட்டியும் கொடுத்தேன். என் கையால் கட்டினவற்றிலேயே நேர்த்தியான வளைவு அது. குருவிக் கூட்டைக்கூட அலுங்காமல் எடுத்து வளைவின் இடுக்கில் வைத்தேன். குருவி ஏற்றுக்கொண்டது. மாடு ஏற்றுக்கொள்ளவில்லை. வாசலில் நின்று வளைவை அண்ணாந்து பார்த்துவிட்டு, பின்காலை ஊன்றிக்கொண்டு, உள்ளே வர மாட்டேன் என்றது. முன்னே இழுத்தோம், பின்னே தள்ளினோம், பிண்ணாக்கைக் காட்டினோம். ரெட்டியார் என் வளைவைப் பார்த்தார், மாட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"உன் வேலை எனக்குப் புடிச்சிருக்கு மேஸ்திரி. அதுக்குப் புடிக்கல. ஆனா பால் குடுக்கறது நான் இல்லியே!"

(பழைய வாசலில் அது தினமும் கழுத்தைத் தேய்த்துக்கொள்ள ஒரு முனை இருந்திருக்கிறது. கழுத்து உயரத்தில் ஒரு சொரசொரப்பான கல்லை நான் வைத்துக் கொடுத்ததும் ராணி மாதிரி உள்ளே போயிற்று. வாடிக்கைக்காரர்கள் எல்லாம் இப்படி இருந்துவிட்டால் என் பிழைப்பு எவ்வளவு சுகமாக இருக்கும்!)

முதுகில் மசாலா

மேஸ்திரி கல் தேடுகிறான் என்று தெரிந்ததும் ஊரில் உள்ள கல்லெல்லாம் என் முன்னால் வந்து சேர்ந்தது. உரலைக் கொண்டுவந்தார்கள், உடைந்த ஆட்டுக்கல்லைக் கொண்டுவந்தார்கள். ஒருவர் எல்லைக் கல்லையே பிடுங்கிக்கொண்டு வந்து அதற்குத் தனிப் பஞ்சாயத்து ஆயிற்று. ஒரு நாள் ஒரு பெண்பிள்ளையின் வீட்டில், அவள் மசாலா அரைக்கும் கல்லைத் திருப்பிப் பார்த்தோம். மதகுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. எப்போதோ மாடு மீட்கப் போய்ச் சண்டையில் செத்த ஒரு வீரனின் கல். ஒரு கையில் கத்தி, ஒரு கையில் வில், நிமிர்ந்த மார்போடு நின்றுகொண்டிருந்தான். அந்தப் பெண் கன்னத்தில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

"அய்யோ, இத்தினி நாளா இவன் முதுகுலயா மொளவா அரைச்சேன்? எப்படி எரிஞ்சிருக்கும்!"

ஆத்தாவின் கால்

இரண்டாவது தூண் கிடைக்கவில்லை. ஆடி பிறந்துவிட்டது. குப்பன் என்னைப் பார்த்தால் தலையைக் குனிந்துகொள்ள ஆரம்பித்தான். என்னைச் சங்கடப்படுத்த வேண்டாம் என்றுதான். அதுதான் எனக்கு அதிகச் சங்கடம். பவுனு ஆம்பூருக்குப் போய் வேலை கேட்டுவிட்டு வந்துவிட்டாள். மணியக்காரர் தெருவில் என்னைக் கண்டால் இரண்டு கையாலும் மீசையை முறுக்கினார்.

இந்த நிலையில் பூசாரி ஏழுமலை தன் வீட்டுக்கு ஒரு அறை சேர்த்துக் கட்டச் சொன்னார். அவர் வீட்டை ஒட்டி, தெருமுனையில், இடுப்பளவுக்கு ஒரு கல் நிற்கும். மஞ்சளும் குங்குமமும் அப்பி, முகம் தெரியாது. கல்லாத்தா என்று பேர். ஊரே கும்பிடுகிற தெய்வம். ஆத்தாவுக்குப் பக்கத்தில் அஸ்திவாரம் தோண்டினோம். அவள் அடி தெரியாமல் பக்கத்தில் சுவர் எழுப்ப முடியாதே என்று பார்த்தால், தோண்டத் தோண்ட ஆத்தா கீழே போய்க்கொண்டே இருந்தாள். ஆள் ஆழத்துக்கு மேல் போன பிறகு சின்னசாமி பள்ளத்திலிருந்து ஏறி வந்து என் கையைப் பிடித்து இழுத்தான். இறங்கிப் பார்த்தேன். கல்லின் பக்கவாட்டில் அதே சதுரக் குழி, கீழே அதே தாமரை. தலைகீழாக நட்டுவிட்டிருக்கிறார்கள். எனக்கு வந்த சந்தோஷத்தில் கூவியிருப்பேன். கூவினால் என்ன ஆகும் என்று அடுத்த நொடியே புரிந்துவிட்டது. பள்ளத்தின்மேல் ஓலைப் பாயைப் போட்டு மூடிவிட்டு, பூசாரியிடம் மட்டும் மெதுவாகச் சொன்னேன்.

ஆனால் பாய் போட்டு மூடிய பள்ளத்தைத் திறந்து பார்க்காத ஊர் உண்டா? சாயங்காலத்துக்குள், கிறிஸ்தவன் வந்து ஆத்தாளைப் பிடுங்கச் சொல்கிறான் என்று ஆகிவிட்டது. என் ஆட்களுக்கு யாரும் தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை. மறுநாள் காலை தெருமுனையில் கூட்டம் கூடி என்னைக் கேள்வி கேட்டுக்கொண்டிருந்தபோது, கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு பவுனு வந்தாள். எங்கள் யாரையும் அவள் பார்க்கவில்லை. ஆத்தாவுக்கு நேரே நின்றுகொண்டு, பக்கத்து வீட்டுக்காரியிடம் கேட்கிற மாதிரி கேட்டாள்.

"ஆத்தா, எம் புருஷன் வருஷா வருஷம் உன்னைக் கும்பிட்டுட்டுத்தான் முழுவப் போறான். தண்ணிக்குள்ள நிக்கவேண்டியவ நீ இங்க நின்னுக்கினு, இங்க நிக்கவேண்டியவனை ஏன் தண்ணிக்குள்ள அனுப்பற?"

பூ விழுந்தது

பூசாரி அப்போதுதான் வாயைத் திறந்தார். "ஆத்தாளையே கேட்டுடலாம்" என்றார். கேட்கிற முறை எல்லோருக்கும் தெரியும். கல்லின் தலையில் வலது பக்கம் ஒரு பூ, இடது பக்கம் ஒரு பூ, இரண்டையும் தண்ணீரில் நனைத்து ஒட்ட வைப்பார்கள். வலது பூ முதலில் விழுந்தால் சம்மதம். இடது பூ விழுந்தால் பேச்சே கிடையாது. பூசாரி ஒட்டிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். அவருக்கும் இது லேசான காரியம் இல்லை. சம்மதம் வந்தால் அவர் வாசலில் நின்ற தெய்வம் அவர் வாசலைவிட்டுப் போய்விடும்.

பூ விழவில்லை. வெயில் ஏறிற்று, விழவில்லை. இடது பூவின் ஓர் இதழ் மெல்ல மடங்கிற்று. நான் சொல்லித் தீர வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன்: ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போகிற நான், என் ஆண்டவரிடம், 'அந்த ஆத்தாளுடைய வலது பக்கத்துப் பூவைத் தயவுசெய்து தள்ளிவிடும்' என்று ஜெபம் செய்துகொண்டிருந்தேன். ஜெபம் யாரிடம் போய்ச் சேர்ந்ததோ எனக்குத் தெரியாது. வலது பூ விழுந்தது. சாதாரணமாக, பழுத்த இலை விழுவதுபோல் விழுந்து, பவுனு காலடியில் கிடந்தது. தெருவே குலவையிட்டது. குப்பன் கல்லைக் கட்டிக்கொண்டு அழுதான். மணியக்காரர் மட்டும் என் பக்கத்தில் வந்து, என் வாயைச் சந்தேகமாகப் பார்த்துக் காதில் கேட்டார்.

"மேஸ்திரி, நீ ஊதலியே?"

காய்ந்த வேட்டி

கல்லாத்தாவை ஏரிக்குக் கூட்டிக்கொண்டு போன நாளை நினைத்தால் இப்போதும் என் மார்பு விம்முகிறது. பம்பை முழங்க, காதர் பாயின் வண்டியில், ரெட்டியார் வீட்டு வடக்கயிற்றால் கட்டி, மாலை போட்டு அழைத்துப் போனார்கள். கல்லைத் தூக்கும்போது பழக்க தோஷத்தில் நான் கையை நீட்டினேன். பூசாரி தடுத்துவிட்டார். "இவ எங்க ஆத்தா. இன்னிக்கு முதல் கை எங்க கை" என்றார். ஊர் மொத்தமும் கை வைத்தது. என் தொழிலில் வேறு எந்தத் தோல்வியையும் நான் இப்படி ஆசைப்பட்டு ஏற்றுக்கொண்டதில்லை. வற்றிக் கிடந்த ஏரியில் மூங்கில் நாட்டி, கப்பி கட்டி, இரண்டு தூண்களையும் நிறுத்தினோம். பழைய அடிக்குழிகள் மண்ணுக்கடியில் அப்படியே இருந்தன. உறைக்குள் கத்தி இறங்குவதுபோல் தூண்கள் இறங்கின. யானைகளின் முகம் தண்ணீர் பக்கம். தடியும் அடைப்பும் வேப்ப மரத்தில் செய்தோம். மரம் மட்டும் போட்டால் ஓரத்தில் கசியும் என்று காதர் பாய் ஓடிப்போய்ப் பதம் போட்ட எருமைத் தோல் கொண்டுவந்து, தானே உட்கார்ந்து அடைப்பின்மேல் இறுக்கிக் கட்டினார். இதற்காகவே ஊறவைத்தது என்று சாதித்தார்.

ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. ஏரி நிரம்பி, தூண்களின் கழுத்துவரை தண்ணீர் ஏறின அன்று ஊரே கரையில் நின்றது. நிமிர்த்தி நட்டபின் மேலே வந்த முனைக்குப் பூசின புது மஞ்சளோடு கல்லாத்தாவின் தலை மட்டும் தண்ணீருக்கு மேல் தெரிய, பூசாரி கரையிலிருந்தே கற்பூரம் காட்டினார். மணியக்காரர் வாயின் மேல் துண்டைச் சுற்றிக்கொண்டு வந்திருந்தார். நான் கேட்காமலே துண்டை அவிழ்த்துக் காட்டினார். மீசை இல்லாமல் பார்க்க நல்ல மனிதராகத்தான் இருந்தார். அன்றைக்கு மதகு திறந்திருந்தது. கரைக்கு அந்தப் பக்கம் வாய்க்காலில் தண்ணீர் இரைந்துகொண்டு ஓடிற்று. கரையிலிருந்து தூணுக்குப் போட்டிருந்த பலகைமேல் குப்பன் நடந்து போனான். இரண்டு கையாலும் தடியைப் பிடித்தான். இத்தனை வருஷம் மூச்சை அடக்கினவன், பழக்கத்தில் அப்போதும் மூச்சை அடக்கிக்கொண்டான். அழுத்தினான். வாய்க்காலில் இரைச்சல் குறைந்தது, மெலிந்தது, நின்றது. ஒரு சொட்டுக்கூட வரவில்லை. வாய்க்காலுக்குள் இறங்கி நின்று பார்த்துக்கொண்டிருந்த சின்னசாமி, "நின்னுபோச்சி! நின்னுபோச்சி!" என்று குதித்தான். ஊர் போட்ட சத்தத்தில் கரையிலிருந்த கொக்கெல்லாம் எழுந்து பறந்தன.

குப்பன் பலகைமேல் நடந்து திரும்பி வந்தான். அவனைத் தூக்கிக்கொள்ள எல்லோரும் ஓடினார்கள். பவுனு முந்திக்கொண்டாள். அவள் அவனைத் தூக்கவில்லை, கட்டிக்கொள்ளவும் இல்லை. குனிந்து, ஊர் முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்க, அவன் வேட்டியைக் கீழ் ஓரத்திலிருந்து இடுப்புவரை கையால் தடவித் தடவிப் பார்த்தாள். தலைமுடியைத் தொட்டுப் பார்த்தாள். மறுபடியும் வேட்டியைத் தொட்டாள். அவள் முகத்தைப் பார்க்க முடியாமல் நான் யானைகளைப் பார்த்தேன். அப்புறம் அவள் குரல் மட்டும் கேட்டது.

"காஞ்சிதான் கீது. வா, வூட்டுக்குப் போலாம். சோறு ஆறிப்போவுது."

இந்தத் தொழிலில் நான் கட்டிக் கொடுத்த கட்டடங்களிலேயே, மழைக்காலத்தில் 'ஒழுகுது மேஸ்திரி' என்று இன்றுவரை யாரும் எனக்கு ஆள் அனுப்பாத ஒரே கட்டடம், கழுத்தளவு தண்ணீருக்குள் நிற்கும் அந்த மதகு ஒன்றுதான்.